பள்ளத்தில் கண்டுபிடித்த உச்சி

ஜூலை 19, திங்கள்

விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. ஒத்தக்கடை ரூம் முழுக்கப் புழுதி, தலைமுடியிலும். தல்லாகுளம் டைப்பிங் சென்டரில் எம்.ஃபில். ஆய்வேடு வாங்கியாச்சு. ஃபிளாப்பியும். கைடு ஸார் உள்ளே புரட்டக்கூட இல்லை, 'சரிபார்த்தேன்' தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நல்ல மனுஷர், அவசரக்காரர்.

பாக்கி: பைண்டிங். செருப்பு தைக்க. மண்ணெண்ணெய்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கையெழுத்துத் தாளோடு ஆய்வேட்டை யுனிவர்சிட்டியில் கொடுத்து ரசீது காட்டினால் இங்குள்ள காலேஜில் ஆகஸ்டிலிருந்து வேலை. இல்லாவிட்டால் வேறு ஆள். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் காலனியில் காலேஜ் டீச்சர் யாரும் கிடையாது. அப்பா இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார். போனில், "வெள்ளிக்கெழம முடிஞ்சுரும்ல தாயி?" முடிஞ்சுரும் என்றேன்.

ஜூலை 20, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. ரூம்மேட் ஹேமாவும் கணக்குதான், இங்கிலீஷ் மீடியம். என் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினாள். ஒரு சார்பை இன்னொன்றால் வகுத்தால் அந்த விகிதம் எங்கே உச்சம்? மேலே கான்கேவ், கீழே கான்வெக்ஸ் என்றால் ஒரே உச்சிதான். சரிவு சுழியாகும் இடத்தைப் பிடித்தால் போதும். என் அத்தியாயமே அதுதான்.

"ஏய், மேல இருக்கது கிண்ணம் மாதிரில்ல இருக்கு? இது கான்வெக்ஸ்டி."

"கிண்ணம்னா குழி. குழின்னா கான்கேவ்."

"யாரு சொன்னா?"

பள்ளிக்கூடம் சொன்னது. குழி லென்ஸ் கான்கேவ், குவி லென்ஸ் கான்வெக்ஸ். ஆனால் சார்புக்குப் பெயர் வைத்தவன் கீழேயிருந்து பார்த்திருக்கிறான், கிண்ணம் அவனுக்குக் கான்வெக்ஸ். எம்.எஸ்சி.யில் வரையறை எல்லாம் மனப்பாடம். படத்தைப் பார்த்தால் மட்டும் கண் பழைய வகுப்புக்கே போய்விடுகிறது. கீழே இருந்த மேட்டையும் கான்வெக்ஸ் என்றே எழுதியிருக்கிறேன். சனியன்.

ராத்திரி ஹேமா, வீட்டு ஓனர் போனில் அவள் அம்மாவோடு எனக்குப் புரியாத சௌராஷ்டிர பாஷையில் பேசிச் சிரித்தாள். என்னைப் பற்றியோ? இருக்காது.

ஜூலை 21, புதன்

காலையில் சின்னதாக ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். மேலே x²+1, கீழே 4−x², −1 முதல் 1 வரை. நடுவில் சரிவு சுழி, மதிப்பு கால். இரண்டு ஓரத்திலும் மூன்றில் இரண்டு. உச்சி என்று நான் எழுதியிருப்பது அடிப்பள்ளம்! பதினோரு பக்கம் போச்சு.

ஸாரிடம் ஓடினேன்.

"இம்புட்டுக்கா மூஞ்சி தொங்குது? பரீட்சகர் மூணாவது அத்தியாயம் வரைக்கும் வர மாட்டாரும்மா. கொடுத்துட்டு வேலையில சேரு."

"தப்புன்னு தெரிஞ்சே எப்படி ஸார்?"

"அப்ப திருத்து. நாளைக்கு மத்தியானம் நான் மெட்ராஸ் போறேன். வர பத்து நாளாகும்."

கோபம் வரவில்லை அவர்மேல். ஆசையாகத்தான் இருந்தது, அவர் சொன்னபடி செய்துவிட.

ஜூலை 22, வியாழன்

டீ மூன்று. புது நிரூபணம் பாதியில். உச்சி ஓரங்களில்தான் என்பது வருகிறது. அத்தனை ஓரங்களில் எது என்பது வரவில்லை. நாளைக்குள் வராது. எழுந்தேன், உட்கார்ந்தேன், துணி அலசினேன். கை பழைய பிரதிக்கே போகிறது. கையெழுத்தோடு, சுத்தமாக, கொடுக்கத் தயாராக.

ஹேமா: "குடுத்துருடி. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும். ஆகஸ்டில் போர்டில் கிண்ணம் வரைந்து நானே நிற்க வேண்டும்.

ஒரு மணிக்கு ஸார் பஸ் ஏறியிருப்பார். ஒன்றேகாலுக்கு 'சரிபார்த்தேன்' தாளை நாலாகக் கிழித்தேன். இருந்தால் கொடுத்துவிடுவேன்.