முதல் ஆள் ஏறாத வண்டி

கரையான்சாவடி,
திங்கட்கிழமை

அன்பு மகள் ஃபிசாவுக்கு அம்மாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் நலம், நீ இருக்கிற ஊர்க் குளிரில் உன் மூக்கடைப்பு விட்டதா என்று முதலில் சொல். போனிலேயே பேசியிருக்கலாம்தான், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், உன் தம்பி சாஹில் இதைப் படம் எடுத்து இன்றே அனுப்பிவிடுவான். அத்தாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, டீக்கடைக்குப் போவதைத்தான் நிறுத்தவில்லை.

உன் ஆராய்ச்சிக் குழு இங்கே சோதனைக்கு விட்டிருக்கிற மின்சார வேன் நம் தெருமுனையில் கிளம்பி, குமணன்சாவடி, வானகரம் வழியாக அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போகிறதல்லவா. மாதக் கடைசிக்குள் கூட்டம் சேராவிட்டால் நிறுத்திவிடுவார்கள், இரண்டு வருட உழைப்பு போய்விடும் என்று நீ அழாத குறையாகச் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கம்பெனிக்குப் போகிற பெண்கள் இதை விட்டுவிட்டு நெருக்கியடிக்கும் ஷேர் ஆட்டோவில் ஏன் ஏறுகிறார்கள்? கட்டணமும் ஒன்றுதான். பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் காலை குமணன்சாவடி சிக்னலில் போய் நின்றேன். வேன் காலியாக வந்தது, பெண்கள் எட்டிப் பார்த்ததோடு சரி, நேரமானதும் காலியாகவே கிளம்பிவிட்டது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோவில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார், மளமளவென்று அதில் ஏறிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் நானும் காலி வண்டியில் முதல் ஆளாக ஏறியதே இல்லை. இது பயமா, பழக்கமா? மேல் வீட்டு மங்களம் அக்கா முன்பு எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனவர், அவரைக் கேட்டேன். "ஆமா வஹீதா, உள்ள ஒரு பொம்பள தல தெரிஞ்சாதான் காலு ஏறும், ஏன்னு கேட்டா இன்னாத்த சொல்றது" என்று சிரித்தார். ஷேர் ஆட்டோ ஆள் சேரும்வரை நிற்கிறது, ஜோடியாக வருகிறவர்கள் யாராவது ஏறிவிடுகிறார்கள், மற்றவர்கள் பின்னாலேயே ஏறுகிறார்கள். உங்கள் வேன் யாருக்காகவும் நிற்பதில்லை.

அதனால் போன வாரம் முழுக்க நானும் மங்களம் அக்காவும் தெருமுனையிலேயே ஏறி சன்னலோரம் உட்கார்ந்துகொண்டோம். எங்கள் தலையைப் பார்த்ததும் பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள், வாரக் கடைசியில் உட்கார இடமில்லை. எஸ்டேட்டில் எங்களுக்கு என்ன வேலை, அதே வண்டியில் திரும்பி வருவோம். டிரைவர் பால்ராஜ், "இன்னாம்மா, டெய்லி வர்றீங்க, எறங்கவே மாட்றீங்க, வண்டிய வாங்கிக்கினீங்களா" என்று கிண்டல் செய்தார். அத்தாவோ, "பொண்ணு விட்ட வண்டிக்கு அம்மா கிளீனரா" என்று கேட்டார். எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, மக்கள் மாறிவிட்டார்கள் என்று அறிக்கை எழுதப்போகிறேன் என்று நேற்று நீ போனில் குதித்தாயே, அதுவரை. மக்கள் மாறவில்லை மகளே, நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். வண்டி நின்றாலும் நிற்கட்டும், உண்மையில்லாத கணக்கின் கீழே உன் பெயர் வேண்டாம். போன வாரக் கணக்குக்குப் பக்கத்தில், உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தாள் என்று எழுதிவிடு.

இன்று காலை நாங்கள் ஏறவில்லை. சிக்னலில் நின்று பார்த்தேன். வேன் காலியாக வந்தது, ஒரு பெண் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, இன்னிக்கு லீவா" என்று கேட்டாள், தலையை ஆட்டினேன். அவள் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள், இன்னொருத்தி ஓடி வந்து தொற்றிக்கொண்டாள், மற்றவர்கள் ஷேர் ஆட்டோவுக்கே நின்றார்கள். மூன்று பேர். அவர்களும் நான் அங்கே நின்றதால்தான் ஏறினார்களோ என்று வீடு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன். நாளைக்கு மெட்ரோ தூண் மறைவில் நின்று பார்த்துச் சொல்கிறேன்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், ராத்திரி சோறாகச் சாப்பிடு. உன் உழைப்பிலும் உடம்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை முழுதாகப் படித்துவிடு.

துஆவுடன்,
உன் அம்மா
வஹீதுன்னிசா