அம்மாவின் மேல்சட்டையில் இருந்த கறை

அன்பு வாலுவுக்கு,

உன் அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த வாரம் மூன்று தடவை போன் போட்டேன், மூன்று தடவையும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என்னப்பா, ஏதோ சொல்ல வந்து முழுங்குறீங்க என்று நீகூடக் கேட்டாய். முழுங்கத்தான் செய்தேன். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன், நாளைக் காலையில் அம்மா இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். இதைப் படிக்காமல் பார்சலைப் பிரிக்காதே, அதுவும் உன் ஆசிரியர்கள் முன்னால் பிரிக்கவே பிரிக்காதே.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. பெரிய சலவை இயந்திரம் மறுபடி முனக ஆரம்பித்திருக்கிறது, மெக்கானிக் வந்து தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கணக்கு வாத்தியார் சட்டை வாங்க வரும்போதெல்லாம் உன்னைத்தான் விசாரிக்கிறார். முதல் வருஷம் ஒரு நாடு, இரண்டாம் வருஷம் இன்னொரு நாடு, இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பட்டம், ஓவியம் சிற்பத்தின் வரலாறும் மியூசியத்தில் பழைய பொருளைப் பாதுகாக்கிற வித்தையும் சொல்லித்தருவார்கள் என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அப்ப என்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லுங்க, நானும் நல்லாப் பழசாயிட்டேன் என்றார். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பழைய பொருள் ஒன்றைக் காட்டி விளக்க வேண்டிய பரீட்சைக்காக, அம்மா அச்சகத்தில் வேலை பார்த்தபோது போட்ட மேல்சட்டையை நீ கேட்டிருந்தாய் அல்லவா? அம்மா அதைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, அவ கேட்டிருக்கா, பார்சல் பண்ணிடுங்க என்று சொல்லிவிட்டு உன் சித்தி வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மடிக்கலாம் என்று விரித்தேன். கீழ்ப்பக்கம், முட்டிக்குக் கொஞ்சம் மேலே, கறுப்பாக அச்சு மை. யாரோ அவசரத்தில் கையைத் துடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சலவைக்கடைக்காரன் வீட்டிலிருந்து போகிற துணி, அதை வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நாலு பேராசிரியர்கள் தூக்கிப் பார்ப்பார்களே, என் பெண்ணின் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எனக்கு மானம் போனது. இருபது வருஷத்துக் கறை, லேசில் விடவில்லை. மூன்று நாள் உட்கார்ந்தேன். மருந்து போட்டு, ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் ஒற்றி, மறுபடி ஊறவைத்து, கடைசியில் கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டுவிட்டேன். அம்மா வந்ததும் பெருமையாக எடுத்துக் காட்டினேன்.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள். உனக்கு மூன்று வயதில், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அச்சகத்துக்குக் கூட்டிப்போன நாளில், நீ மைத்தட்டில் கையை வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாயாம். அது உன் கை. இத்தனை வருஷமும் அந்தச் சட்டையை அவள் என் கடைக்கு ஏன் அனுப்பவில்லை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. உங்க கையில குடுத்தா போயிடும்னுதான் ஒளிச்சு வச்சேன் என்றாள். அந்தக் கறையைத்தான் நீ, அம்மா முன்பே அனுப்பிய போட்டோவோடு எழுதி ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே கொடுத்திருக்கிறாய் என்பதையும், அது தேறினால்தான் அடுத்த நாட்டுக்குப் போக முடியும் என்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

இன்னொரு கூத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். அச்சகத்துக்கு ஓடி ஒரு டப்பா மை வாங்கி வந்து, உன் கை மாதிரியே வருமா என்று பழைய துணியில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டாள். இந்த சைஸ் விரலோட அவ பொறந்திருந்தா நான் பொழச்சிருக்கவே மாட்டேன் என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், பிறகு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால் சட்டை இருந்தபடியே, வெள்ளையாகத்தான் வருகிறது. ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, வேலையை அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன்.

நீ போட்டோவை மாற்றிப் பொய் சொன்னாய் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. பொருளுக்கு என்ன நேர்ந்தது என்று எழுத உங்கள் படிவத்தில் ஓர் இடம் உண்டு என்று அம்மா சொன்னாள். அதில் தேதி போட்டு, மாணவியின் தகப்பன் சலவை செய்து அழித்துவிட்டார் என்றே எழுது. பார்சல்காரர்கள் மேலோ ஈரத்தின் மேலோ பழியைப் போடாதே. எனக்குப் பரிந்து ஒரு வார்த்தைகூட வேண்டாம். அவர்கள் என்னிடம் கேட்க வேண்டுமென்றால் போன் போடச் சொல், பாஷை தெரியாவிட்டாலும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று, இது அம்மாவுக்கும் தெரியாது, போட்டோ எடுக்கும்போது படித்தால் படிக்கட்டும். நீ தேறாமல் போகலாம் என்று அவள் சொன்னபோது முதலில் பதறினேன். அடுத்த நிமிஷம், அப்படியானால் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று தோன்றியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வாலு. ஒரு நிமிஷம்தான், ஆனால் இருந்தது. கறையை எடுத்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே நினைத்தது. இதற்கு என்னை மன்னித்துவிட்டு, நீ அடுத்த நாட்டுக்குப் போ.

நினைத்தது நடந்து, போகிற இடமெல்லாம் பெயரோடு நன்றாக இருக்க வேண்டும். முதலில் சாப்பிடு, பிறகு படிவத்தை நிரப்பு, கோபம் ஆறிய பிறகு போன் போடு. ஆறாவிட்டாலும் போடு.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா