சனிக்கிழமை ஓட்டம்

1954 ஜூன் 12, சனி
மாலை நான்கு மணிக்கு வண்டியை எடுத்தேன். பாறசாலையிலிருந்து பாலராமபுரம், அதே வழியே திரும்பல். நெய்யாற்றின்கரை தாண்டிய நேர்ச்சாலையில் ஐம்பது மைல் வேகத்துக்குக் குறையவிடவில்லை. நெசவுக்காரர்கள் சாலையோரம் நீட்டியிருந்த பாவு நூலை விட்டு ஒதுங்கி நின்று வைதார்கள். வையட்டும்.

அம்பூரி எஸ்டேட் துரை மலைச்சாலைக் கார்ப் பந்தயத்துக்கு வைத்திருந்த வண்டி இது. அவரிடம் நெடுங்காலம் கணக்கராக இருந்ததற்காக, சென்ற வருடம் கப்பலேறும்போது எனக்கு விட்டுப்போனார். ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னார்: மெதுவாக ஓட்டி இதைக் கொன்றுவிடாதே. விரைவுக்கென்று செய்த எஞ்சின், நன்றாகச் சூடேறாமல் ஓடினால், எரியாத பெட்ரோலும் எண்ணெயும் பிஸ்டன் தலையில், வால்வில், பொறி தரும் ப்ளக்கில் கரியாய்ப் படியும். வாரத்துக்கு ஒருமுறை விரட்டினால் படியாது.

மகள் ஜெயபாய்க்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. 1952 மார்ச் 3, திங்கள் — மாட்டுவண்டியில் கொண்டுபோனோம். அவளுடைய முதல் குழந்தை ஆஸ்பத்திரிவாசலைக் காணவில்லை. இம்முறை கார் உண்டு.

ஜூன் 19, சனி
மழை. ஓட்டம் தவறவில்லை. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன்: வெளிறிய தவிட்டு நிறம். அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஜூலை 3, சனி
அடுத்த வீட்டு எலியா, தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்கக் கேட்கும் தெற்கெல்லைப் போராட்டத்தில் தீவிரமாக இருக்கிறான். இன்று சந்தியில் கூட்டாளிகளோடு வழிமறித்தான்.

"பெரியப்பா, சனிக்கெழம தோறும் வடக்க பாயுதீரே. எங்க விசயத்த எல்லாம் திருவனந்தபுரத்துல ஒப்பிக்கதுக்கோ?"

"எலே, எஞ்சினில கரி பிடிக்காம இருக்கதுக்காக்கும்."

"கரி எரிக்கதுக்கு வீட்டுல அடுப்பு இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எலியா சிரிக்கவில்லை.

ஜூலை 10, சனி
போலீஸ் ஏட்டு அமரவிளைப் பாலத்தில் கை காட்டினார். இருக்கையின் அடியைக்கூடத் துழாவினார்.

"ஆளில்லா, சாமானமில்லா. போகுந்நு, வருந்நு. எந்தினா ஸாரே?"

பழைய ப்ளக் ஒன்றைக் காட்டிக் கால்மணி நேரம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். ப்ளக்கை முகர்ந்தும் பார்த்தார். பிறகு, "இது கொள்ளாம். தமிழன்மாருடெ கடலாஸு எவிடெயா ஒளிச்சு வச்சேக்குந்நே?" என்றார். நன்றாயிருக்கிறதாம்; போராட்டக்காரர்களின் காகிதம் எங்கே என்கிறார்.

கலவரம் அடங்கும் வரை வண்டி பாறசாலை எல்லையைத் தாண்டக்கூடாதாம். பிரசவத்துக்கு மட்டும் விலக்கு, அவரும் பிள்ளைகுட்டிக்காரராம்.

அந்த ஒரு நாளைக்காகத்தான் இத்தனை சனிக்கிழமையும் ஓட்டினேன் என்பதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

ஜூலை 17, சனி
ஓட்டம் இல்லை.

ஜூலை 21, புதன்
என் மனைவி சுகிர்தபாய்க்கு உறக்கமில்லை. வேளை வரும்போது வண்டி கிளம்புமா என்று என்னை நச்சரிக்கிறாள். இன்று காலை ஷெட்டில் வைத்தே கிளப்பிக் காட்டினேன். ஓசை கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இனி எனக்குச் சமாதானம்" என்றாள்.

நிறுத்தி வைத்து ஓட்டுவது நல்லதன்று. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும், பாதி எரியாது. ஒரு நாள்தானே.

ஜூலை 29, வியாழன்
ஒரு நாள் இல்லை. தினமும் காலை ஆறு மணிக்கு. சுகிர்தபாய் மட்டுமல்ல, ஜெயபாயும் இப்போது சன்னலில் வந்து நிற்கிறாள். "அப்பா, இன்னிக்குக் கொஞ்சம் கூட நேரம் ஓடட்டு." எப்படி மாட்டேன் என்பேன்? அவள் முகம் தெளிவதை நான் பார்க்கிறேன்.

ப்ளக் கறுத்திருக்கிறது. துடைத்து மாட்டினேன்.

ஆகஸ்ட் 7, சனி
இன்று சாவியைத் திருப்பி அணைத்த பின்னும் எஞ்சின் ஏழெட்டு முறை உதறிவிட்டுத்தான் நின்றது. உள்ளே படிந்த கரி தணலாகி, அதுவே பெட்ரோலைப் பற்றவைக்கிறது. எஞ்சினின் தலையைத் திறந்து சுரண்டிவிடலாம். ஆனால் திறந்தால், இடையில் வைக்கும் அடைப்புத் தகடு, கேஸ்கட், புதிதாக வேண்டும். அது சென்னையிலிருந்து வரவேண்டும். வருமுன் வலி கண்டால் வண்டி துண்டு துண்டாய்க் கிடக்கும்.

திறக்கவில்லை. எழுதிப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, வியாழன்
நேற்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. மார்த்தாண்டத்தில் வாத்தியாராயிருக்கும் மருமகன் விஜயதாஸ் சுகம் என்று ஆள் வந்து சொன்னான். தபால் இல்லை. கேஸ்கட்டும் இல்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி
நேற்றையதை ஒழுங்காக எழுதவேண்டும்.

பிற்பகல் இரண்டேகாலுக்கு வலி. முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பிற்று. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள் சுகிர்தபாய். நான்கில் மூன்று சிலிண்டர்தான் எரிகிறது என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

உதியன்குளங்கரையில் மரம் வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். அங்கே எலியா. பின்னிருக்கையைப் பார்த்தான். மரத்தின் நுனியைப் பிடித்து இழுத்தான், மற்றவர்களும் பிடித்தார்கள். பிறகு படியில் தொற்றிக்கொண்டு எங்களோடு வந்தான். பாலத்தில் ஏட்டு தடுக்கவில்லை.

பாலத்துக்கு அப்பால் ஏற்றம். டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போல் எஞ்சின் தட்டிற்று. நின்றது.

இறங்கி ப்ளக்குகளைக் கழற்றினேன். நான்கும் கரிக்கட்டை. சட்டையால் துடைத்தேன். ஜெயபாய் அலறவில்லை — பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, மெதுவா செய்யும், நான் இருக்கேன்" என்றாள். என்னிடம் — மெதுவாச் செய்யச் சொன்னா.

எலியா என் கையிலிருந்த ப்ளக்கை வாங்கிப் பார்த்தான். "இதாக்குமா பெரியப்பா அந்தக் கரி?" தோள் கொடுத்துத் தள்ளினான். மறுபடி கிளம்பிற்று, பாலராமபுரத்தில் மறுபடி நின்றது. மறுபடியும் துடைத்து, தள்ளிக் கிளப்பினோம்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிவாசலில் சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. நர்ஸ் ஓடிவந்து, "வண்டி ஓஃப் செய்யூ" என்றாள். அணைத்தாயிற்று அம்மா, அணைத்தாயிற்று என்றேன். சாவியை எடுத்துக் காட்டினேன்.

ஆண் குழந்தை. அழவில்லை.

ஜெயபாய் பிழைத்தாள்.

அக்டோபர் 9, சனி
கேஸ்கட் வந்தது. தலையைத் திறந்தேன். பித்தளைத் தகட்டால் நாள் முழுக்கச் சுரண்டினேன். பழைய துணி நிறையக் கரி. சுகிர்தபாய் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தெனமும் காலம்பற நல்லாத்தானே ஸ்டார்ட் ஆச்சு?"

"ஆமா."

"பின்னே எப்பம் பிடிச்சுது இவ்வளவும்?"

பெட்ரோல் மோசம் என்று சொன்னேன். அவள் நம்பினாள் என்றே நினைக்கிறேன். இனி யாரும் இதைப்பற்றிக் கேட்கவேண்டாம்.

1956 நவம்பர் 3, சனி
முந்தாநாள் முதல் விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யம், பாறசாலையில் நாங்கள் கேரளம். களியக்காவிளையில் எல்லை. எலியா இரண்டு நாளாக வெளியே தலைகாட்டவில்லை.

எங்களைப் பார்க்க வந்திருந்த ஜெயபாய் இன்று மார்த்தாண்டத்துக்குத் திரும்பினாள். ஷெட்டைத் திறந்தேன். "பஸ்ஸில போறேன் அப்பா" என்றாள். பெட்டியை நான் ஸ்டாப்புவரை தூக்கிப்போனேன்.

நான்கு மணிக்கு வண்டியை எடுத்தேன். பாலராமபுரம்வரை ஐம்பது மைல் வேகம். பாலத்தில் அதே ஏட்டு. கையை அசைத்துப் போகச் சொன்னார். ஒருவரும் நிறுத்தவில்லை. ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பினேன். உடனே நின்றது.