கை நடுங்காமல் கொழும்புக்கு

14.03.1997, வெள்ளிக்கிழமை.

மகன் சிவநேசனின் குடியை நிறுத்துவதற்காக எழுதிக் கேட்டிருந்த இரண்டு சிகிச்சை நிலையங்களும் பதில் அனுப்பிவிட்டன. மட்டக்களப்பில் தமிழிலேயே பேசுவார்களாம். ஆனால் அங்கே போகும் வெருகல் பாதை சண்டையால் மூடிக் கிடக்கிறது. கொழும்பில் தமிழ் தெரிந்தவர் வாரத்தில் ஒரு நாளே வருவாராம். வேறு வழியின்றிக் கொழும்பையே தேர்ந்தேன். நாளைக் காலை ஆறு மணிக்குப் பஸ்.

"வாறன் அப்பா. ஆனால் குடிக்காமல் வந்தால் கை நடுங்கும். சென்றியில மறிச்சுச் சோதிக்கிற ஆமி, பயத்தில நடுங்கிறன் என்று சந்தேகப்படாதோ?" என்றான்.

"காய்ச்சல் என்று சொல்லுவம்."

"போன மாசம் கந்தளாயில ஆமி பஸ்ஸால இறக்கினவனும் அதைத்தான் சொன்னவன். இன்னும் வீட்டுக்கு வரேல்லை."

அவன் சொன்னது சரி. மாலை நான்கு மணிக்கு, அறுபத்தொன்பதாவது வயதில் முதன்முறையாகச் சாராயக் கடைக்குச் சென்று கால் போத்தல் வாங்கினேன். விடிய ஐந்து மணிக்கு நானே ஊற்றிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு ஊற்றினால் கை நடுக்கம் நிற்கும் என்பதையும் அவனிடமே கேட்டறிந்தேன்.