கறுப்பு வெள்ளை டிவியில் அப்பா

இன்று காலை மகள் பழைய சாமான்களுக்கு நடுவிலிருந்து ஓர் ஒயரை இழுத்து, "இதுக்கு எதுக்கும்மா மூணு தலை?" என்று கேட்டாள். "மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு" என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது.

கருமத்தம்பட்டி வீட்டில் நம்மிடம் இருந்தது அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த கறுப்பு வெள்ளை டிவி. நம் கல்யாணம் முடிந்த மறு வருடமே அவர் போய்விட்டார். அவர் நடப்பதையும் பேசுவதையும் பார்க்க மிச்சமிருந்தது கல்யாண வீடியோ கேசட் ஒன்றுதான். அதிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கவே, ஸ்டுடியோவில் கொடுத்து சிடியாக மாற்றினீர்கள். நீங்கள் தறி ஓட்டிய குடோனில் கொடுத்த தீபாவளி போனஸில் விசிடி பிளேயரும் வாங்கி வந்தீர்கள். பிறகுதான் தெரிந்தது, டிவியின் முதுகில் அந்த ஒயருக்கு இடமே இல்லை என்று. ஆன்டெனா கம்பி மாட்டும் இரண்டு திருகாணிகள், அவ்வளவுதான்.

மறுநாள் காந்திபுரத்தில் கடை கடையாக ஏறினோம். "ஏனுங்க, இன்னும் அந்த டிவியையா வெச்சிருக்கீங்க? எக்சேஞ்சுல போட்டுட்டு கலர் எடுத்துக்குங்க" என்றார் ஒரு கடைக்காரர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அது எங்க மாமனார் குடுத்ததுங்க. மாத்தறதில்லை. வேற வழி இருந்தாச் சொல்லுங்க" என்றீர்கள்.

நான்காவது கடையில் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார்கள். மாடுலேட்டராம். பிளேயரின் படத்தை ஆன்டெனா வழியாக வருவதுபோல் மாற்றித் தருமாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிக்குப் பின்னால் குந்தினீர்கள். திரை முழுக்கப் புள்ளியும் இரைச்சலும்.

"ஏதாச்சும் தெரியுதா அம்மணி?"

"இல்லீங்க."

நான் சேனல் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். திடீரென்று படம் வந்தது. வந்த வேகத்தில் மேலே மேலே ஓடியது. பின்னால் எதையோ லேசாகத் திருகினீர்கள். நின்றது. மண்டப வாசலில் அப்பா.

"மாப்ள, வாங்க கண்ணு. சாப்புட்டீங்களா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். குரல் கேட்டு முன்னால் வந்த நீங்கள், அவரைப் பார்த்ததும் சட்டென்று மடிப்பை அவிழ்த்து, வேட்டியைக் கால்வரை இறக்கிவிட்டு, கைகட்டி நின்றீர்கள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத அம்மணி. மாமன் முன்னால வேற எப்படி நிக்கறது?"

கண்ணைத் திரையிலிருந்து நீங்கள் எடுக்கவே இல்லை. கூறைப்புடவை அரக்கு, அப்பாவின் சால்வை பச்சை என்று நான் நிறம் சொல்லிக்கொண்டே வந்தேன். படம் முடியும்வரை நீங்கள் உட்காரவில்லை.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. அந்தக் கல்யாணப் படத்தில் மாலையோடு நீங்களும் இருக்கிறீர்கள்; மகள் அதைப் போனிலேயே போட்டுப் பார்க்கிறாள். ஆனால் படத்துக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்றவர் அதில் இல்லை. அவரை நான் மட்டும்தான் வைத்திருக்கிறேன்.