இருபத்திரண்டாவது படம்

தோஸ்து,

நேற்று பீரோவின் கீழ்த்தட்டை இழுத்ததும் புளிச்ச வாடை குப்பென்று அடித்தது. ஊறுகாய் ஜாடி எதையாவது உள்ளே ஒளித்து வைத்து மறந்துவிட்டேனா என்று என் மனைவி விசாரித்தாள். என்னைப் பற்றி அவளுக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவுதான். கையை விட்டுத் துழாவினேன். வந்தது பழைய பிலிம். ஆறு படம் உள்ள ஒரே ஒரு துண்டு, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. பழைய நெகட்டிவ் கெட்டுப்போனால் காடி நாற்றம் அடிக்குமாம். பத்தொன்பது முதல் இருபத்துநாலு வரை எண் போட்டிருந்தது. 

நீ போய் நாலு மழைக்காலம் ஆகிவிட்டது. உன்னைப் பற்றி ராயபுரத்தில் நான் சொல்லாத கதை இல்லை. சலூனில் சொல்லியிருக்கிறேன், ரேஷன் வரிசையில் சொல்லியிருக்கிறேன், கூடுதலாகக் கொஞ்சம் மசாலாவும் சேர்த்திருக்கிறேன். என் வாய்க்குப் பூட்டு போட இன்னும் ஆள் பிறக்கவில்லை. ஆனால் இந்தத் துண்டைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அப்போது எனக்குக் களப்பணியாளர் என்று பெயர். சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் இருந்த மனநல ஆய்வுத் திட்டத்தில் வேலை. அந்த டாக்டரம்மா புதுசாக ஒரு முறை கொண்டு வந்தார். நோய் வந்தவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. கையில் கேமராவைக் கொடுத்து, உன் நாளை நீயே படம் பிடித்துக் காட்டு என்று விட்டுவிட வேண்டும். கடைசியில் குடும்பத்தாரைக் கூப்பிட்டு, எடுத்தவரே படங்களைக் காட்டிப் பேசுவார். ஒரே ஒரு விதிதான். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது எடுத்தவரின் உரிமை. மற்ற யாரும் தலையிடக் கூடாது. இந்த விதியை நான் எல்லோருக்கும் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தேன். அதை முதலில் உடைத்தவனும் நான்தான்.

உன் பெயரைப் பட்டியலில் சேர்த்தது நான். ஒன்றாகக் கோலி ஆடியவர்கள் நாம். ஹார்பரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த உனக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து, வேலை போய், அண்ணன் வீட்டில் இருந்தாய். தினமும் காலையில் காணாமல் போவாய், மத்தியானம் திரும்புவாய். எங்கே போனாய் என்றால் சிரிப்பாய். ஒருநாள் ஹார்பர் ரோட்டின் நடுவே நீ நிற்க, கண்டெய்னர் லாரிக்காரர் ஒருவர் பிரேக் அடித்து இறங்கி, உன்னைக் கன்னத்தில் அறைந்து, அழுதுகொண்டே வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார். அன்றைக்கு அண்ணன் முடிவு செய்தார். தெற்கே ஏதோ ஊரில் ஓர் இடம் இருக்கிறது, காலில் சங்கிலி போட்டு வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "கட்டிப் போட்டாலும் உயிரோட இருப்பான்ல" என்று என்னிடம் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அதற்கு மறுநாள்தான் நான் உன் கையில் கேமராவைக் கொடுத்தேன்; அவரோ மாசக் கடைசி ஞாயிறு சாயங்காலம் பஸ்சுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். டாக்டரம்மா கெஞ்சிக் கேட்டதால், அன்றைக்குப் பதினொரு மணிக்கு உன் படங்களைப் பார்த்துவிட்டுப் போவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை ஸ்டூடியோவில் படங்களை வாங்கினேன். முப்பத்தாறில் அஞ்சுதான் பிரிண்ட் ஆகி வந்திருந்தது. அடுப்படியில் அண்ணி, கட்டிலில் தூங்கும் அண்ணன், டீக்கடைக்காரர், வாயைத் திறந்தபடி நான், வேறொரு நாள் வேறொரு சட்டையில் வாயைத் திறந்தபடி மறுபடியும் நான். மிச்சம் எங்கே என்றால், ஸ்டூடியோக்காரர் வாடிக்கையாளருக்கு உபகாரம் செய்த பெருமையோடு சொன்னார், "ஆள் இல்லாத படம்லாம் வேஸ்டு சார். பிரிண்ட் போடல." அவர் கடை வழக்கம் அது. கல்யாண வீட்டு ரோலில் கால், தரை, கூரை விழுந்தால் போட மாட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நெகட்டிவைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. நேராக உன்னிடம் வந்து, முப்பத்தொரு படம் வேஸ்டாம், கேமராவைத் தலைகீழாகப் பிடித்தாயா என்று கேலி பேசினேன். அண்ணனும் அங்கேதான் இருந்தார். நீ சிரிக்கவில்லை.

"அதுங்களும் அதான் சொல்லிச்சு மாமு" என்று காதைத் தொட்டுக் காட்டினாய். "உன் கையில எதுவும் நிக்காதுன்னு."

எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். அண்ணன் என்னைப் பார்த்தார். உன் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

அலுவலக மாடிக்கு ஓடிப்போய் நெகட்டிவ் துண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொன்றிலும் கீழே இரண்டு கால் கட்டைவிரல், ஹவாய் செருப்பு, நடைபாதையின் ஓரக்கல். அதற்கு அப்பால் ரோடு, லாரிகள், எதிரே ஹார்பர் வாசல். அடுத்ததிலும் அதே. லாரி வேறு, வெயில் வேறு, கட்டைவிரல் மட்டும் அதே ஓரக்கல்லுக்கு இந்தப் பக்கம். தினமும் நீ போனது உன் பழைய வேலையைப் பார்க்க. பார்த்தது இந்தப் பக்கத்திலிருந்தே.  மறுபடி பிரிண்ட் போட வண்ணாரப்பேட்டை லேபுக்கு அனுப்ப வேண்டும். ஞாயிறு அது திறக்காது. பரவாயில்லை, நெகட்டிவையே காட்டுவோம் என்று குதித்தேன்.

அப்போதுதான் இருபத்திரண்டைப் பார்த்தேன். அதில் ஹார்பர் வாசல் இல்லை. லாரிகளுக்கு அந்தப் பக்கம், சின்னதாக, உங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. கறுப்புத் தொட்டி, நெகட்டிவில் பேய் மாதிரி வெளுப்பாக. நீ தாண்டியிருக்கிறாய். எதிர்ப்பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறாய்.

அண்ணன் இதைப் பார்த்தால் சங்கிலிதான் என்று நினைத்தேன். அந்தத் துண்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உன்னைக் கேட்கவில்லை.

ஞாயிறன்று அண்ணன் பையோடுதான் வந்தார். உன்னை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். டாக்டரம்மா பூதக்கண்ணாடியை அண்ணனிடம் கொடுத்தார். அவர் ஒவ்வொரு துண்டாக வெளிச்சத்தில் பிடித்தார். நீ தரையைப் பார்த்தபடி பேசினாய். இது திங்கட்கிழமை. இது பனி. இந்த லாரி டிரைவர் எனக்குக் கை காட்டினான். அண்ணன் மூன்றாவது துண்டை வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் இந்தாண்ட இருந்தேதானா?"

"லாரிக்காரன் அடிச்சதுக்கு அப்பால, இனிமே ரோட்டத் தாண்ட மாட்டேன்னு அண்ணி கைல சொன்னேன். நம்பல. அதான் எட்த்தேன்."

அண்ணன் அந்தத் துண்டைக் கீழே வைத்தார். எனக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. அடுத்த துண்டை எடுத்தவர் கண்ணைச் சுருக்கினார். துறைமுகத்தில் கண்டெய்னர் எண் சரிபார்க்கிற மனிதர் ஆயிற்றே. ஓரத்தில் பொடிப்பொடியாக அச்சடித்த எண்ணையா விடுவார்?

"பதினெட்டுக்கு அப்புறம் இருபத்தஞ்சு இருக்குது. நடுவுல எங்க?"

நான் பேசத் தொடங்கினேன். ஸ்டூடியோவில் விடுபட்டிருக்கும், ரோலே அப்படித்தான், பிலிம் கம்பெனிக்காரனுக்கு எண்ணத் தெரியாது என்று வாய்க்கு வந்ததெல்லாம் உளறினேன். என் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. நீ தலையை நிமிர்த்தி அந்தக் கையைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய்.

"அதையும் காட்டு மாமு."

அதட்டவில்லை. சின்ன வயசில், மறைத்து வைத்த கோலியைத் திருப்பிக் கேட்கிற மாதிரி கேட்டாய். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் எனக்கு இன்னும் வேர்க்கும். எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் பார்த்தார். பூதக்கண்ணாடி அப்படியே நின்றது. 

"தாண்டிட்டேன்" என்றாய். "ஒரே தபா. அதுங்க போ போன்னு சொல்லிகினே இருந்துச்சு. அந்தாண்ட போய்த் திரும்பிப் பார்த்தா நம்ம தொட்டி இத்தினூண்டு தெரியுது. நான் இங்க வுழுந்தா அண்ணிக்கு யார் போய்ச் சொல்லுவா? பயந்துட்டேன். படம் எட்த்துகினு வந்துட்டேன். அப்புறம் தாண்டல."

அண்ணன் துண்டை மேசையில் வைத்தார். அதில் அவர் விரல் பட்ட ஈரம் தெரிந்தது. பஸ்சைப் பற்றியோ பையைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் கேட்டார்.

"நான் கூட வந்தா தாண்டுவியா?"

நீ யோசித்தாய். காதில் யாரோடோ கலந்து பேசிய மாதிரி இருந்தது. "கைய வுடாம இருந்தா" என்றாய்.

அன்று சாயங்காலம் பஸ் போயிற்று, நீங்கள் இருவரும் இல்லாமல். மேசையில் விட்டுப்போன அந்தத் துண்டு என்னிடமே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அந்த ரோட்டில் இரண்டு நடுவயசு ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து ஊரே கிசுகிசுத்தது. கிசுகிசுத்த ஊரில் பாதி நான். குரல்கள் நிற்கவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை, இரண்டு முறை ஆஸ்பத்திரியிலும் கிடந்தாய். ஆனால் உன் காலில் எதுவும் ஏறவில்லை. கடைசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது உன் கட்டிலிலிருந்துதான். அண்ணன் அப்போதும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் அதை ஒளித்தேன். முப்பது படம் காட்டாததை அந்த ஒரு படம் காட்டிவிட்டது. இப்போதும் யாருடைய நன்மைக்காகவாவது எதையாவது மறைக்கலாமா என்று தோன்றினால், சட்டைப் பைப்பக்கம் அரிக்கிறது. பாதி நேரம் சொறிந்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மீதி நேரம் சொறிவதோடு சரி.

என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணுலயும் ஆளே இல்லியே, இது எதுக்கு?" என்றாள்.

"ஆள் கீறான்" என்றேன். "கேமராவுக்கு இந்தாண்ட நின்னு எட்த்துகினு கீறான்."