எஸ்நாத்தின் கணினியில் நான் அழித்தது

அன்பு மகள் தியோங்கேவுக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம். ஸோம்பாவில் மழை விட்டுவிட்டது, கொல்லையில் சோளம் காய்ந்து நிற்கிறது. அபர்டீன் குளிரில் உன் நெஞ்சுச் சளி குறைந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறாள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் கர்த்தர் நல்ல உடம்பைத் தரட்டும். போன மாதம் நான் எழுதாததற்குக் கை வலிதான் காரணம் என்று அம்மா போனில் சொன்னாளாம். அவளிடம் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். கை நன்றாகத்தான் இருக்கிறது, எழுத வெட்கமாக இருந்தது.

நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நம் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாயே, அன்று முதல் அது ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. வைரஸ் தொல்லை இல்லை, போனுக்குப் போடும் டேட்டாவை அது தின்பதும் இல்லை. இது போதாதா எனக்குத் தலை கனக்க. கோயில் வாசலில் கண்டவர்களிடமெல்லாம் விண்டோஸை விட்டுத் தொலையுங்கள் என்று பிரசங்கம் செய்தேன். தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தியபோது கிடைக்காத மரியாதை கிடைத்தது. எனக்குத் தெரிந்தது என்னவோ நீ காட்டிக்கொடுத்த நாலு பட்டனை அழுத்துவது மட்டும்தான்.

மார்ச் மாதம் பக்கத்து வீட்டு எஸ்நாத் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். பிரசவ நர்ஸாக இருந்துகொண்டே பட்டப்படிப்பும் படிக்கிறாளே, அதற்காக இரண்டு வருடமாக எழுதிய கட்டுரை அதில் இருந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்த எழுபது பெண்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதியது. "ரொம்ப மெதுவா ஓடுது போஸ்ட்மாஸ்டர், நீங்க போடுறதப் போடுங்க, ஆனா உள்ள இருக்கறது அப்படியே இருக்கும்ல?" என்று கேட்டாள். "லினக்ஸ் எதையும் தொடாதும்மா" என்றேன். முதலில் வேறொரு இடத்தில் பிரதி எடு என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய், நான் எடுக்கவில்லை. பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவா, டிஸ்க்கை முழுதும் அழிக்கவா என்று திரை கேட்டது. பக்கத்தில் வைப்பதை அழுத்தினால் எவ்வளவு இடம் ஒதுக்க என்று அடுத்த கேள்வி வந்தது, எனக்குப் புரியவில்லை. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொல்ல நா எழவில்லை. முந்தின திரைக்கே திரும்பி, முழுதும் அழிப்பதை அழுத்திவிட்டேன்.

அதைவிடக் கேவலம் அதன் பிறகு நான் சொன்னது. கட்டுரையைக் காணோம் என்று அவள் பதறியபோது, "வைரஸ் முன்னாடியே தின்னுடுச்சும்மா, படம் ஏத்துற பென்டிரைவ்ல இருந்துதான் வந்திருக்கும்" என்றேன். அந்த வீட்டில் படம் ஏற்றுகிறவன் அவள் புருஷன், மினிபஸ் ஓட்டுகிற ஜெய்லோஸ் ஒருவன்தான். மினிபஸ் நிறுத்தத்தில் தக்காளி விற்கும் பெண்கள் அவன் வண்டியைக் கண்டால், "படம் பாக்கறதுக்காகப் பொண்டாட்டி படிப்பத் தின்னவன் வர்றான், வழி விடுங்கடி" என்பார்களாம். எஸ்நாத் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. மூன்று வாரம், தினமும் சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து பாவோ ஆடினேன், பலகைக் குழிகளில் கொட்டை நகர்த்தியபடி.

ஒரு நாள் ஆட்டத்துக்கு நடுவில் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் கெடுத்துட்டேன், எங்கயாச்சும் துளி மிஞ்சியிருக்கான்னு பாருங்க மாஸ்டர், உங்க காலப் பிடிச்சுக்கிறேன்" என்றான். என்னால் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சோளமாவு சலிப்பதை நிறுத்தாமலே, "எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? சுவத்துக்கு அந்தப் பக்கம் போயிச் சொல்லுங்க" என்றாள்.

போய்ச் சொன்னேன். எஸ்நாத் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்பவே மூடி எடுத்துட்டுப் போயிருப்பேனே" என்றாள். ஜெய்லோஸ், "பாவோல மூணு வாரமா தோத்துக்கிட்டே இருந்தீங்க. பாவம், வயசாயிடுச்சுன்னு விட்டுக்கொடுத்து ஆடினேன்" என்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிறுத்தத்துக்கும் போய், அழித்தவன் நான், அவனில்லை என்று தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்லூரியில் கணினி தெரிந்த ஒருவர் பார்த்துப் பதினோரு பேரின் பேச்சை மட்டும் மீட்டுக் கொடுத்தார். நாற்பது பேருடையது அவள் கையெழுத்து நோட்டில் இருக்கிறது. மீதிப் பெண்களை மறுபடி தேடிப் போக வேண்டும், விடுப்பு நாளில் ஜெய்லோஸ் கூட்டிப்போகிறான். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. நோட்டில் இருப்பதை நான் டைப் அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். லினக்ஸை எடுத்துவிடவா என்றதற்கு, "அது என்ன பண்ணிச்சு, நல்லாத்தான் ஓடுது. பண்ணினது நீங்க" என்றாள். இரண்டு விரலால் தட்டுகிறேன், தினமும் இரண்டு பக்கம். மூன்று இடத்தில் பிரதி வைக்கிறேன், ஒன்று அவள் ஆஸ்பத்திரி அலமாரியில்.

இப்போது யார் கேட்டாலும், பழைய மெஷினுக்கு லினக்ஸ் நல்லது, ஆபீஸ் படிவம் நிரப்புகிறவர்கள் இருக்கிற விண்டோஸையே வைத்துக்கொள்ளுங்கள், போடுவதற்குத் தெரிந்த ஆளைத் தேடுங்கள், அது நானில்லை என்கிறேன். உன் அப்பா கம்ப்யூட்டர் புலி என்று அங்கே சிநேகிதிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாயே, தயவுசெய்து இனி சொல்லாதே. நீயும் உன் வேலைகளுக்குப் பிரதி எடு, சளிக்குச் சுடுதண்ணீர் குடி. கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ எஸ்நாத்துக்குப் போன் பண்ணுவாய், தெரியும். எனக்காக நீ மன்னிப்புக் கேட்காதே. அதைக் கேட்க வேண்டியவன் நான், இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

உன் அப்பா,
வைசன் கச்சிங்வே